டிஃபென்ஸ் எங்கே ஒழுகுகிறது? கல்லூரி அல்டிமேட் அணிக்கு அறிகுறி வாரியாக ஒரு பழுது பார்ப்பு

"அண்ணா, டிஃபென்ஸ் சுத்தமா சரியில்ல. என்ன டிரில் போடலாம்?"

டோர்னமெண்ட் முடிந்த ஞாயிறு இரவு தவறாமல் இந்த வாட்ஸ்அப் வரும். கேப்டன் வருடா வருடம் மாறுவார், செய்தி மாறாது. படிப்பு முடிந்த பிறகும் எங்கள் கல்லூரி அல்டிமேட் ஃப்ரிஸ்பி அணியோடு பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு நின்றுகொண்டிருக்கிற ஆள் என்பதால் எனக்கு வருகிறது. (அல்டிமேட் தெரியாதவர்களுக்கு: டிஸ்க்கை ஆளுக்கு ஆள் எறிந்து கொண்டுபோய், மைதானத்தின் கோடியில் உள்ள எண்ட்சோனில் பிடித்தால் கோல்.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்படிச் சரியில்லை? பிரேக் ஆகிறதா (நாம் அடைத்த பக்கமே பாஸ் போகிறதா), தலைக்கு மேல் போகிறதா, டம்ப் (எறிபவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்கும் துணையாளுக்குப் பாஸ்) போகிறதா, சோன் (ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) கிழிகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதைத்தான் கீழே பிரித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில், இழுத்தடிக்கும் காரணம் கடைசியில்.

எதையும் தொடுவதற்கு முன்

கோல் விழுந்த இடத்தைப் பார்க்காதீர்கள். அதற்கு இரண்டு பாஸ் முன்னால் பாருங்கள். எண்ட்சோனில் ஆளை விட்டவனைத்தான் எல்லோரும் முறைப்பார்கள், ஆனால் பாதிக்கு மேல் அவன் மீது தப்பே இருக்காது. மார்க் நின்றவர், அதாவது டிஸ்க் வைத்திருப்பவருக்கு எதிரே நின்று மறிப்பவர், ஏற்கெனவே கதவைத் திறந்து விட்டிருப்பார்.

பார்க்க ஒரு போன் போதும். வெளியே உட்கார்ந்திருக்கும் யாராவது சைடுலைனில் இருந்து முழு ஆட்டத்தையும் எடுக்கட்டும். இரவில் போட்டுப் பார்த்து, வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அந்த நேரத்தில் ஃபோர்ஸ் (மார்க்கர் மறுபக்கத்தை அடைத்து, எறிய விடும் பக்கம்) எந்தப் பக்கம், கடைசி இரண்டு பாஸ் எந்தப் பக்கம் போனது, எறிந்தபோது ஸ்டால் எண்ணிக்கை (எறிபவருக்கு உள்ள நேரத்தை மார்க்கர் சத்தமாக எண்ணுவது) எத்தனையில் இருந்தது. பத்து கோல் எழுதி முடிப்பதற்குள் நோய் எது என்று தெரிந்துவிடும். பெயர் எழுத வேண்டாம். எழுதினால் மறுநாள் பிராக்டிஸ் பஞ்சாயத்து ஆகிவிடும்.

அறிகுறி 1: ஃபோர்ஸ் போட்டும் பாஸ் பிரேக் சைடில் போய்க்கொண்டே இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் கேஸ். (ஃபோர்ஸ் பக்கம் ஓப்பன் சைடு, அடைத்த பக்கம் பிரேக் சைடு.) பத்தில் ஆறு முறை இதுவாகத்தான் இருக்கும்.

*எல்லோருக்கும் ஃபோர்ஸ் எது என்று தெரியுமா?*

சிரிக்காதீர்கள், முதலில் இதைப் பாருங்கள். புல் (pull, பாயிண்டைத் தொடங்க எதிரணிக்கு டிஸ்க்கை நீளமாக எறிவது) போடுவதற்கு முன் வரிசையில் நிற்கும் எல்லோரையும் ஃபோர்ஸ் பக்கம் கை நீட்டச் சொல்லுங்கள். ஒரு முறை நான் இப்படிச் சொன்னபோது இரண்டு பேர் கடலைக் காட்டினார்கள், இரண்டு பேர் ரோட்டைக் காட்டினார்கள், ஐந்தாமவர் "அண்ணா, என்ன கேட்டீங்க?" என்றார்.

கடற்கரையில் நாங்கள் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என்று சொல்வதே இல்லை. 'ஃபோர்ஸ் கடல்', 'ஃபோர்ஸ் ரோடு' அவ்வளவுதான். புதிதாக வந்த ஜூனியருக்குக் கூட ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் புல்தரை மைதானத்துக்குப் போனதும் கடலும் இல்லை, ரோடும் இல்லை. முதல் மேட்ச் முழுக்க ஆளாளுக்கு ஒரு பக்கம் மார்க் நிற்பார்கள். அங்கே போய் இறங்கியவுடன் இரண்டு சைடுலைனுக்கும் பெயர் வைத்துவிடுங்கள். நம் பைகள் கிடக்கும் பக்கம் 'பை', எதிர்ப் பக்கம் 'மரம்'. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் எண்ட் மாறினாலும் பையும் மரமும் இடம் மாறாது.

*மார்க் எங்கே நிற்கிறார்?*

எல்லோருக்கும் பக்கம் தெரிந்தும் உடைகிறது என்றால், உடையும் பாஸ் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

மார்க்கரின் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் போகிறதா? அவர் ஓப்பன் சைடு நோக்கி அதிகமாக நகர்ந்து நிற்கிறார். அரை அடி பின்வாங்கி பிரேக் சைடு பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

மார்க்கருக்கும் ஓப்பன் சைடுக்கும் நடுவே நேராகக் குத்திக்கொண்டு உள்ளே போகிறதா? அவர் பிரேக் சைடில் ஒதுங்கி நின்றுவிட்டார். அரை அடி ஓப்பன் சைடு பக்கம் வரட்டும்.

இரண்டையும் ஒருவரால் அடைக்க முடியாது. எதை விடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. என் கட்சி, சுற்றிப் போவதை விடலாம், உள்ளே குத்துவதை விடக்கூடாது என்பதுதான். சுற்றிப் போகும் டிஸ்க் காற்றில் அதிக நேரம் நிற்கும், பின்னால் இருக்கிறவர்கள் ஓடி வந்து சேரலாம். உள்ளே குத்துவது கண் மூடித் திறப்பதற்குள் இருபது மீட்டர் முன்னே போய்விடும்.

*ஒட்டி நிற்கிறாரா?*

ஜூனியர்களுக்கு டிஃபென்ஸ் என்றால் முகத்துக்கு நேரே போய் நிற்பது. விதிப்படி எறிபவருக்கும் மார்க்கருக்கும் இடையே குறைந்தது ஒரு டிஸ்க் விட்டம் இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் எறிபவர் 'டிஸ்க் ஸ்பேஸ்' என்று கூப்பிடுவார், நீங்கள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துச் சொல்ல வேண்டும். அது போகட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒட்டி நின்றால் அவர் ஒரு காலை ஊன்றி மறுகாலால் ஒரு அடி பிவட் வைத்ததும் உங்களைத் தாண்டிவிடுவார். ஒரு கை நீளம் தள்ளி நின்றால் அவருடைய காலைப் பார்த்து நகர உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

*கை எங்கே இருக்கிறது?*

வீடியோவை நிறுத்திப் பாருங்கள். மார்க்கர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, சரணடைபவர் மாதிரி நிற்பார். கல்லூரி லெவலில் பிரேக் பாஸ் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் போகிறது. கை தாழ்வாக, முழங்கால் மடங்கி, எடை பாதத்தின் முன்பக்கம். மேலே ஹேமர் (தலைக்கு மேலிருந்து எறிவது) போட்டால் போடட்டும், அதைப் பின்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

*ஃபேக் போட்டால் பாய்கிறாரா?*

இதற்கு ஒரு சோதனை. மூன்று பேர் போதும். எறிபவர், மார்க்கர், பத்து மீட்டர் தள்ளிப் பிடிப்பவர். எறிபவர் பிரேக் சைடில் மட்டும்தான் போட வேண்டும், ஃபேக் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்து எறி. ஐந்து தாண்டிப் போனால் கூட எனக்குக் கவலை இல்லை, எறிபவருக்குத் தெரிந்த கணக்குதானே. ஏழு, எட்டு போனால் மார்க்கர் ஒவ்வொரு ஃபேக்குக்கும் கையை வீசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த பத்து எறிக்கு அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். கால் தானாக நகர ஆரம்பிக்கும்.

இந்த டிரிலில் கேப்டன்கள் செய்யும் ஒரு தப்பு: மிக்ஸ்டு அணியில் பெண்களைப் பெண்களோடும் ஆண்களை ஆண்களோடும் மட்டும் நிறுத்துவது. ஆட்டத்தில் ஒரு ஸ்விட்ச் (காக்கும் ஆளை மாற்றிக்கொள்வது) நடந்தால் போதும், நம் முதலாம் ஆண்டுப் பெண் எதிரணியின் மெயின் ஹேண்ட்லரை (முக்கியமாக எறிபவரை) மார்க் செய்துகொண்டிருப்பாள். அந்தக் கை நீளத்தை அவள் பிராக்டிஸிலேயே பார்த்திருக்க வேண்டும்.

*மார்க் ஒழுங்காக இருந்தும் உடைகிறதா?*

அப்படியானால் தவறு பின்னால் இருக்கிறது. மார்க் ஒரு பக்கத்தை அடைக்கிறார் என்று நம்பி மற்றவர்கள் தங்கள் ஆளுக்கு ஓப்பன் சைடில் நிற்க வேண்டும். நம்பாதவர்கள் நடுவில் நிற்பார்கள், இரண்டு பக்கமும் போய்விடும். இது பழக்கம் சார்ந்தது. சரியாவதற்கு ஒரு மாதம் ஆகும், சில சமயம் ஒரு செமஸ்டர்.

அறிகுறி 2: தலைக்கு மேலே ஹக் (நீள எறி) போய்க்கொண்டே இருக்கிறது

எறிந்தபோது ஸ்டால் எத்தனை? நோட்டைப் பாருங்கள்.

*ஒன்று, இரண்டு என்றால்:* மார்க் தாமதமாக வருகிறார். தன் ஆள் டிஸ்க்கைப் பிடித்ததும் ஒரு நொடி தலையில் கை வைத்து நொந்துகொண்டு, அப்புறம் நடந்து வந்து நிற்கிறார். அந்த ஒரு நொடியில்தான் ஹக் போகிறது. நொந்துகொள்வதை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடி வந்து முதல் இரண்டு எண்ணிக்கை வரை நேர் எதிரே நிற்கட்டும், நீளமாகப் போடும் வழி அடைபடும். அதன் பிறகு ஃபோர்ஸ் பக்கத்துக்கு நகரலாம்.

*நான்கு, ஐந்து என்றால்:* பின்னால் யாரோ வெட்டி ஓடியிருக்கிறார், யாரும் சொல்லவில்லை. சைடுலைனில் நிற்பவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வீடியோவில் கேட்டுப் பாருங்கள். கடலைப் பேச்சு கேட்கும். வெளியே இருக்கும் ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் ஒருவருக்குக் கண். டிஸ்க் மேலே எழும்பியதும் 'அப்!' என்று தொண்டை கிழிய ஒரு குரல் வர வேண்டும். செலவில்லாத மருந்து இது, இதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

*எப்போதும் ஒரே ஆளுக்குத்தான் போகிறது என்றால்:* அவர் நம் ஆளை விட வேகம். ஒத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் விட்டு நில்லுங்கள், முன்னால் வரும் பாஸைக் கொடுத்துவிடுங்கள். பத்து மீட்டர் கொடுத்தால் கோல் ஆகாது. தன்மானம் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர்தான் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்.

*ஆளை மட்டும் பார்ப்பது, டிஸ்க்கை மட்டும் பார்ப்பது:* இரண்டும் ஒரே வியாதி. டிஸ்க்கும் தன் ஆளும் ஒரே பார்வையில் விழும்படி சாய்ந்து நிற்க வேண்டும். நான் ஜூனியர்களிடம் இரண்டு கையால் சுட்டிக் காட்டச் சொல்வேன், ஒரு கை டிஸ்க்கை, ஒரு கை ஆளை. கையைக் காட்ட உடம்பு திரும்ப வேண்டியிருந்தால் நிற்கும் இடம் தப்பு.

இவை எல்லாம் சரி, ஆனாலும் ஹக் விழுகிறது என்றால் நம் புல் எறியைப் பாருங்கள். எதிரணியின் எண்ட்சோன் வரை போகாமல் நடுவிலேயே விழுகிறதா? அவர்கள் ஒரே எறியில் கோலுக்கு வந்துவிடும் தூரத்தில் தொடங்குகிறார்கள். பெரிய புல்தரை மைதானத்தில் எண்ட்சோன் தவிர்த்த நடுப்பகுதி மட்டுமே 64 மீட்டர். வெளியே போனாலும் கெடுதல்தான். கோல் கோட்டிலிருந்து 18 மீட்டர் முன்னே உள்ள பிரிக் மார்க்கில் இருந்து ஹாயாகத் தொடங்குவார்கள். பிராக்டிஸ் முடிவில் இரண்டு பேர் ஆளுக்குப் பத்து புல் போடட்டும். நல்ல புல் வர மூன்று மாதம் பிடிக்கும், அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி 3: ஸ்டால் ஆறைத் தாண்டுவதே இல்லை, டம்ப் போய்விடுகிறது

முதலில் எண்ணுவது காதில் விழுகிறதா? நம் பிள்ளைகள் மேடையில் பாட்டுப் பாடச் சொன்ன மாதிரி வாய்க்குள்ளேயே 'ஸ்டாலிங் ஒன்' சொல்வார்கள். எறிபவருக்குப் பதற்றமே வராது. எண்ணுவது நம் ஆட்களுக்கும்தான். டம்பைக் காக்கிறவருக்கு எப்போது இறுக்க வேண்டும் என்று தெரிவது அந்தக் குரலை வைத்துத்தான். ஐந்து வந்ததும் இன்னும் சத்தமாக.

வேகமாக எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே குறைந்தது ஒரு நொடி. 'ஃபாஸ்ட் கவுண்ட்' கூப்பிட்டால் ஒன்று குறையும், நம் பெயரும் கெடும்.

சத்தம் சரி, ஆனாலும் போகிறது என்றால் டம்பைக் காப்பவர் எங்கே என்று பாருங்கள். எறிபவர் திரும்பிப் பார்த்த பிறகு நகரத் தொடங்கினால் அப்போதே தாமதம். ஐந்தாவது எண்ணில் மார்க்கர் அரை அடி டம்ப் பக்கம் சாயட்டும், காப்பவர் முன்னே ஓடும் வழியை மறித்து நிற்கட்டும். பின்பக்கம் போனால் போகட்டும், பத்து மீட்டர் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அறிகுறி 4: சோன் போட்டால் கப் (எறிபவரைச் சூழ்ந்து நிற்கும் வளையம்) கிழிகிறது

காற்று இருந்ததா? ஒரு பிடி மணலை எடுத்துத் தோள் உயரத்தில் இருந்து விடுங்கள். நேரே காலடியில் விழுந்தால் சோன் வேண்டாம். காற்றில்லாத நேரத்தில் ஓரளவு எறியத் தெரிந்த எந்த அணியும் கப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எங்கள் பிரச்சினை இங்கேதான் இருந்தது. காலை ஆறு மணிக்குச் சென்னையில் கடற்காற்று கிடையாது. அது மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். நாங்கள் காற்றே இல்லாத நேரத்தில் சோன் பழகி, 'இது வேலைக்கு ஆகாது' என்று முடிவு கட்டி, மாலை நான்கு மணி மேட்சில் டிஸ்க் தள்ளாடும்போது ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஒரு நாளையாவது மாலைக்கு மாற்றுங்கள். கடற்கரை ஓரமாக நீளவாக்கில் மைதானம் போட்டால் காற்று குறுக்கே அடிக்கும். டிஸ்க்கை ரோடு பக்கக் கோட்டில் ஒதுக்கிவிட்டால், அவர்கள் அங்கிருந்து வெளியே வர காற்றை எதிர்த்து எறிய வேண்டும். சோனின் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

காற்று இருந்தும் கிழிந்தால், கப்பில் நிற்பவர்களைப் பாருங்கள். ஆர்வத்தில் எல்லோரும் எறிபவரை மொய்ப்பார்கள். மார்க்கர் தவிர வேறு யாரும், தன் ஆளைக் காத்துக்கொண்டிருந்தால் ஒழிய, எறிபவரின் பிவட்டில் இருந்து மூன்று மீட்டருக்குள் நிற்கக்கூடாது. அது டபுள் டீம். விதி ஒரு பக்கம், மொய்த்தால் இரண்டு பேருக்கு நடுவே ஓட்டை விழுந்து ஒரே பாஸில் மூன்று பேரும் ஆட்டத்தில் இல்லாமல் போவார்கள். மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல சேர்ந்து நகர வேண்டும். இடம் மாற்றி இடம் மாற்றி மூச்சு வாங்கும் வேலை இது, அதனால் கப்புக்கு நெட்டையனை விட ஓட்டக்காரன் நல்லது.

மணலில் ஐந்து பேர் ஆட்டம். கப்புக்கு இரண்டு பேருக்கு மேல் ஒதுக்க முடியாது. அங்கே பழகிய சோனை அப்படியே ஏழு பேர் மைதானத்துக்குக் கொண்டுபோனால் இறக்கைப் பக்கம் இரண்டும் காலியாகக் கிடக்கும்.

அறிகுறி 5: டிரிலில் பிரமாதம், மேட்சில் காணோம்

டிரிலில் தொடங்கும் இடம் தெரியும், மேட்சில் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். வரிசையில் நின்று முறை வைத்துச் செய்யும் டிரிலைப் பாதியாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் குட்டி ஆட்டம். எங்களுக்கு வேலை செய்தது இது: மூன்று பாயிண்ட் ஆட்டம், ஆனால் கோலுக்கு ஒரு புள்ளி, பிரேக் சைடில் ஒரு பாஸ் கூட விடாமல் டிஸ்க்கை வாங்கினால் இரண்டு. அந்த வாரமே சைடுலைன் கத்த ஆரம்பித்துவிட்டது.

பிராக்டிஸுக்கு எட்டு பேர்தான் வருகிறார்கள் என்றால், இன்டர்னல் தேர்வு வாரம் வேறு, நான் என்ன சொல்ல. எட்டு பேரை வைத்து மார்க் டிரில் செய்யலாம். சோன் செய்ய முடியாது.

அறிகுறி 6: காலையில் நல்ல டிஃபென்ஸ், மூன்றாவது மேட்சில் எல்லோரும் நடக்கிறார்கள்

ஒரே ஏழு பேரை எல்லாப் பாயிண்டுக்கும் இறக்கியிருக்கிறீர்கள். டிஃபென்ஸ் பாயிண்டுக்கு என்று தனி வரிசை வையுங்கள், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை அதில் போடுங்கள். எறியத் தெரியாவிட்டாலும் ஓடுவார்கள். தண்ணீர், உப்பு, நிழல் மூன்றையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். அதற்கும் மேல் என்றால் உடல் தகுதிதான், அது டோர்னமெண்டுக்கு முந்தைய வாரம் வராது.

எப்போது நம்மால் ஆகாது

நடுவர் இல்லாத விளையாட்டு என்பதால் டிஃபென்ஸ் இறுக இறுக ஃபவுல் கூப்பாடும் கூடும். ஒரே ஆள் மீது மூன்று மேட்சாக ஃபவுல் வருகிறது என்றால் 'அவனுங்க சும்மா கூப்பிடுறானுங்க' என்று தள்ளிவிடாதீர்கள். விதி நன்றாகத் தெரிந்த, நம் அணியைச் சேராத ஒருவரை அழைத்து வீடியோவைக் காட்டுங்கள். எங்களுக்கு ஒரு முறை அப்படிப் பார்த்துச் சொன்னவர், எங்கள் மார்க்கர் எறிபவரின் பிவட் காலுக்கு இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்பதைக் காட்டினார். இரண்டு வருடமாக எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

முதல் அறிகுறியின் கடைசிக் காரணம் இரண்டு மாதத்திலும் தீரவில்லை என்றால் வெளிக் கோச் வேண்டும். நகரத்தில் பல வருடம் ஆடிய கிளப் ஆட்டக்காரர்கள் கேட்டால் வருவார்கள், பெரும்பாலும் டீயும் பஜ்ஜியும்தான் செலவு. அவர் வரும் நாளில் வீடியோவைத் தயாராக வையுங்கள், பதினான்கு பேரையாவது கூட்டி வாருங்கள்.

காயத்தில் மட்டும் இந்த வரிசை எல்லாம் கிடையாது, நேரே டாக்டர். திரும்பும்போது முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, கால் நழுவுவது போல இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். கணுக்கால் மடங்கி நான்கு அடி கூட வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. லேஅவுட்டில் (டிஸ்க்குக்காகப் பாய்ந்து விழும்போது) தலை அடிபட்டுக் குழப்பமாகப் பேசினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனை. 'ஒண்ணும் இல்லண்ணா, ஒரு பாயிண்ட் மட்டும்' என்பான். ஷூவைக் கழற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.